லாக் ஸ்கிரீன் பாஸ்வேர்டை ஏற்கவில்லை, ரீஸ்டார்ட் செய்தால் அதே பாஸ்வேர்டை ஏற்கிறது (மின்ட் சின்னமன்)

மார்த்தாண்டம்_ஜெராக்ஸ்
மார்த்தாண்டத்தில் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து கொடுக்கிற சின்னக் கடை நம்முடையது. இரண்டு சிஸ்டம், இரண்டிலும் லினக்ஸ் மின்ட் 21, சின்னமன் டெஸ்க்டாப். முன்பக்கம் இருக்கிற சிஸ்டத்தில் கொஞ்ச நாளாக ஒரு தொல்லை. ஸ்கிரீன் லாக் ஆனபிறகு பாஸ்வேர்ட் அடித்தால் தவறு என்கிறது, எத்தனை தடவை அடித்தாலும் அதே பதில்தான். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், லாகின் திரையில் அதே பாஸ்வேர்டுக்கு மறுபேச்சில்லாமல் உள்ளே விடுகிறது. நேற்று ஒருத்தருக்கு அடித்து வைத்திருந்த வாடகை ஒப்பந்தம் சேமிக்காமலே போய்விட்டது, அவர் திரும்பி வந்து நின்றபோது எனக்கு வந்த வெப்ராளம் கொஞ்சநஞ்சமல்ல. பின்பக்க சிஸ்டம் வேறு, லாகின் செய்தால் ஒரு நொடி கறுப்பாகி மறுபடியும் லாகின் திரைக்கே வந்து நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே காரணமா? வைரஸா?

குழித்துறை_ஆறு
வைரஸ் எல்லாம் இல்லை அண்ணே. முதலில் கேப்ஸ் லாக், நம்பர் லாக் இரண்டையும் பாருங்கள். பாஸ்வேர்டில் எண் இருந்து, அதை வலதுபக்க எண்கட்டையில் அடிக்கிற பழக்கம் இருந்தால், நம்பர் லாக் அணைந்திருக்கும்போது எண்ணே விழாது. கடையில் தமிழ் டைப்பிங் உண்டுதானே? லேஅவுட் தமிழில் நிற்கும்போது ஸ்கிரீன் லாக் ஆனால் பாஸ்வேர்டும் தமிழில்தான் விழும், நமக்குத் தெரிவது வெறும் புள்ளிதான்.

கோட்டாறு_சந்தை
இதற்கு ஏன் இவ்வளவு பாடு. ஸ்கிரீன்சேவர் செட்டிங்ஸில் போய் லாக்கை எடுத்துவிடுங்கள், தீர்ந்தது. இல்லை என்றால் ஹோம் ஃபோல்டரை பென் டிரைவில் காப்பி எடுத்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள், அரை மணி நேர வேலை.

களியக்காவிளை_டீச்சர்
குழித்துறைத் தம்பி சொன்னது உண்மை. நான் எல்லை தாண்டிக் கேரளப் பள்ளியில் வேலை பார்க்கிறேன், அங்கே உபுண்டுவை அடிப்படையாக வைத்துச் செய்த கைட் லினக்ஸ்தான். பிள்ளைகள் மலையாள லேஅவுட்டில் அடித்துவிட்டு அப்படியே எழுந்து போய்விடுவார்கள், அடுத்த பீரியட் வருகிறவர்கள் "டீச்சர், பாஸ்வேர்ட் மாறிப்போச்சு" என்று வந்து நிற்பார்கள். பெட்டியின் ஓரத்தில் லேஅவுட்டைக் காட்டுகிற சின்னக் குறி இருக்கும், அதைச் சொடுக்கி ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. க்னோம் டெஸ்க்டாப்பில் ஐபஸ் என்கிற தட்டச்சு நிரல் வழியாக வருகிற தமிழோ மலையாளமோ பாஸ்வேர்ட் பெட்டிக்குள் போனதும் தானாக நின்றுவிடும். எக்ஸ்கேபி (சிஸ்டத்தின் அடிப்படை விசைப்பலகை அமைப்பு) லேஅவுட்டாகச் சேர்த்திருந்தால் நிற்காது. தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் இரண்டுமே இரண்டு வழியிலும் கிடைப்பதால், நாம் எந்த வழியாகச் சேர்த்தோம் என்றே பலருக்கும் நினைவிருக்காது. பாஸ்வேர்ட் பெட்டியில் சந்தேகம் வந்தால், பயனர் பெயர் அடிக்கிற இடம் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்து அங்கே அடித்துப் பாருங்கள், எந்த எழுத்து விழுகிறது என்று கண்ணால் தெரிந்துவிடும்.

மார்த்தாண்டம்_ஜெராக்ஸ்
கோட்டாறு அண்ணே, லாக்கை எடுக்க முடியாது. முன்பக்க சிஸ்டத்தில் ஊர்க்காரர்களின் ஆதார் ஸ்கேன், சாதிச் சான்றிதழ், பட்டா நகல் எல்லாம் கிடக்கிறது. மேசைக்கு இந்தப்பக்கம் ஆள் வந்து நின்றால் மவுஸ் கைக்கெட்டும் தூரம். டீச்சர், லேஅவுட் பார்த்தேன், ஆங்கிலம்தான். கேப்ஸ் லாக்கும் இல்லை.

முட்டம்_லைட்ஹவுஸ்
சரி, அப்படியானால் இது விசைப்பலகை விவகாரம் இல்லை. இன்ஸ்டால் பேச்சை இப்போதைக்கு விடுங்கள், காரணம் தெரியாமல் புதிதாகப் போட்டால் அதே காரணம் திரும்ப வரும்போது மறுபடி இங்கேயே வந்து நிற்க வேண்டியதுதான்.

அடுத்த தடவை ஸ்கிரீன் லாக் ஆகி மறுக்கும்போது பவர் பட்டனைத் தொடாதீர்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும், அங்கே பயனர் பெயர், பாஸ்வேர்ட் கொடுத்துப் பாருங்கள். பாஸ்வேர்ட் அடிக்கும்போது புள்ளிகூடத் தெரியாது, பயப்பட வேண்டாம். உள்ளே விட்டால் பாஸ்வேர்ட் சரி, சிஸ்டமும் உயிரோடு இருக்கிறது, உங்கள் ஒப்பந்தமும் பின்னால் திறந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். அங்கே 'சின்னமன்-அன்லாக்-டெஸ்க்டாப்' என்று அடியுங்கள் (கட்டளைகள் எல்லாம் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில்). பிறகு கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7. பூட்டு திறந்திருக்கும். வேறு டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் 'லாகின்சிடிஎல் லிஸ்ட்-செஷன்ஸ்' அடித்து, தன் பெயருக்கு நேராக, திரை இருக்கிற செஷனின் எண்ணைப் பார்த்து 'லாகின்சிடிஎல் அன்லாக்-செஷன்' என்பதோடு அந்த எண்ணைச் சேர்த்து அடிக்கலாம். கேடிஇயில் லாக்கர் உடைந்துபோனால் அதுவே இந்தக் கட்டளையைத் திரையில் எழுதிக் காட்டிவிடும்.

கோட்டாறு_சந்தை
அப்படியானால் வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் எஃப்3 அழுத்தித் திறக்கலாமே, பிறகு என்ன பூட்டு?

முட்டம்_லைட்ஹவுஸ்
எஃப்3 திரையிலும் பாஸ்வேர்ட் கேட்கும் அண்ணே. பாஸ்வேர்ட் தெரிந்தவன் திறப்பதில் என்ன குறை.

ரப்பர்பால்
குலசேகரத்தில் இருந்து எழுதுகிறேன். என் பிரச்சினை வேறு. பழைய லேப்டாப்பில் ஜூபுண்டு, மூடியைச் சாத்தித் திறந்தால் திரை கறுப்பு. மவுஸ் அம்புக்குறிகூட இல்லை. இங்கே மழை வந்தால் ரப்பர் மரம் கம்பியில் சாய்ந்து கரண்ட் போவது சகஜம் என்பதால் லேப்டாப்பைச் சாத்திச் சாத்திச் சார்ஜ் மிச்சம் பிடிப்பேன், ஒவ்வொரு தடவையும் இதே கதை.

முட்டம்_லைட்ஹவுஸ்
ரப்பர்பால், லைட்-லாக்கர் என்கிற திரைப்பூட்டு நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள். அது தன் கையால் திரையைப் பூட்டாது, லைட்டிஎம் லாகின் திரையை வேறொரு டெர்மினலில் எழுப்பி உங்களை அங்கே தள்ளிவிடும். எழுந்து வரும்போது டிஸ்ப்ளே டிரைவர் அந்த மாற்றத்தில் தடுமாறினால் கறுப்புத்தான். கறுப்பாக நிற்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7, அதற்கப்புறம் எஃப்8 என்று மாறி மாறி அழுத்திப் பாருங்கள், பல மடிக்கணினிகளில் லாகின் திரை எஃப்8இல் காத்துக்கொண்டிருக்கும். நிரந்தரத் தீர்வு, லைட்-லாக்கரை நீக்கிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ4-ஸ்கிரீன்சேவர் போடுவது. இரண்டையும் ஒன்றாக ஓட விடாதீர்கள், யார் பூட்டினார்கள் என்றே தெரியாமல் இரண்டு தடவை பாஸ்வேர்ட் கேட்கும்.

மார்த்தாண்டம்_ஜெராக்ஸ்
முட்டம் அண்ணே, செய்து பார்த்தேன். எஃப்3 திரையில் அதே பாஸ்வேர்ட் ஏற்றுக்கொண்டது! அன்லாக் கட்டளையும் வேலை செய்தது, திறந்து வைத்திருந்த ஃபைல் எல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் லாக் ஸ்கிரீன் மட்டும் ஏன் மறுக்கிறது என்று புரியவில்லை. இன்னொன்று, இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா தெரியாது, அப்டேட் போடலாம் என்று சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டுகிற கட்டளை) அடித்தால் வேலை செய்யவில்லை. "யுஐடி 0 உரிமையில் இருக்க வேண்டும், செட்யூஐடி பிட் இருக்க வேண்டும்" என்று என்னவோ சொல்கிறது.

வள்ளியாறு
தொடர்பு உண்டா என்றா கேட்கிறீர்கள், விடையே அதுதான் மக்கா.

பாஸ்வேர்ட் சுருக்கம் இருப்பது ஷேடோ என்கிற ஃபைலில். ரூட்டும் (நிர்வாகிக் கணக்கு) ஷேடோ குழுவும் மட்டும்தான் அதைப் படிக்க முடியும். லாகின் திரையும் எஃப்3 திரையும் ரூட்டாக ஓடுகின்றன, நேராகப் படித்து ஒப்பிட்டுவிடும். ஸ்கிரீன் லாக்கர் அப்படி இல்லை, அது நீங்களாகத்தான் ஓடுகிறது, உங்களுக்கோ அந்த ஃபைலைப் படிக்க அனுமதி கிடையாது. அதனால் பேம் (பாஸ்வேர்ட் சரிபார்க்கிற பொது அமைப்பு) 'யூனிக்ஸ்_சிஎச்கேபிடபிள்யூடி' என்கிற ஒரு குட்டி நிரலைக் கூப்பிட்டு "இந்த ஆளின் பாஸ்வேர்ட் சரியா பார்" என்று கேட்கும். டெபியன் வழி வந்த உபுண்டு, மின்ட் எல்லாவற்றிலும் அந்த நிரலுக்கு ஷேடோ குழுவின் செட்ஜிஐடி பிட் (யார் ஓட்டினாலும் அந்தக் குழுவின் உரிமையில் ஓட வைக்கிற குறி) இருக்கும், ஃபெடோராவில் செட்யூஐடி ரூட் (ரூட்டின் உரிமையில் ஓட வைக்கிற குறி). அந்த பிட் போய்விட்டால் அதாலும் ஃபைலைப் படிக்க முடியாது. லாக்கருக்கு அது கைவிரித்தது தெரியாது, "பாஸ்வேர்ட் தவறு" என்று உங்களிடம் சொல்லிவிடும்.

சூடோவும் செட்யூஐடி பிட்டை நம்பி ஓடுவதுதான். ஆக யாரோ யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் (சிஸ்டத்தின் நிரல்கள் இருக்கிற இடம்) மொத்தமாக சிஎச்மாட் (அனுமதி மாற்றுகிற கட்டளை) அடித்திருக்கிறார்கள். ஹிஸ்டரி பாருங்கள். லாகும் பாருங்கள், அதற்கு சூடோ தேவையில்லை, இன்ஸ்டால் செய்த முதல் பயனர் 'ஏடிஎம்' குழுவில் இருப்பார் (வங்கி ஏடிஎம் அல்ல), வெறும் 'ஜர்னல்சிடிஎல்' போதும். லாக் ஸ்கிரீன் மறுத்த நேரத்தில் அந்த நிரலின் பெயர் வரிசையாக வந்திருக்க வேண்டும்.

மார்த்தாண்டம்_ஜெராக்ஸ்
வந்திருக்கிறது அண்ணே, "பாஸ்வேர்ட் சோதனை தோல்வி" என்று அதே பெயரில் வரி வரியாக. ஹிஸ்டரியில் 'சூடோ சிஎச்மாட் -ஆர் 755' போட்டுப் பின்னால் யூஎஸ்ஆர். புது பிரிண்டரின் ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்று ஒரு சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டிருந்தேன், அவர் வந்த நாளும் இதுவும் ஒன்றுதான். "பர்மிஷன் பிரச்சினை, இப்போ சரியாயிடும்" என்று சொன்னது நினைவிருக்கிறது.

கோட்டாறு_சந்தை
755 தானே அடித்தார், 777 இல்லையே? 755 பாதுகாப்பான எண் என்றல்லவா எல்லா இடத்திலும் சொல்கிறார்கள்.

வள்ளியாறு
ஃபைலுக்கு 755 என்று மூன்று இலக்கத்தில் போட்டாலே அதற்கு முன்னால் இருக்க வேண்டிய நான்காவது இலக்கம் பூஜ்யமாகிவிடும். சூடோவுக்கு வேண்டியது 4755, சிஎச்கேபிடபிள்யூடிக்கு வேண்டியது 2755. 777 என்றால் எல்லோரும் எழுதலாம் என்ற ஆபத்தும் கூடச் சேரும், அம்பிட்டுதான் வித்தியாசம். ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்றால் பயனரை ஸ்கேனர் குழுவில் சேர்ப்பது, சரியான டிரைவர் போடுவது என்று பார்க்க வேண்டும். யூஎஸ்ஆர் முழுக்கக் கைவைக்கிற சவத்து வேலைக்குக் காசும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார் பாருங்கள்.

இனி சரிசெய்கிற வழி. சூடோ இல்லாததால் ரெக்கவரி மோடுக்குப் போக வேண்டும். ஆன் ஆகும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் பிடித்தால் க்ரப் மெனு வரும், அதில் அட்வான்ஸ்டு, ரெக்கவரி, ரூட் ஷெல். மின்ட்டிலும் உபுண்டுவிலும் இது பாஸ்வேர்ட் கேட்காது. (முன்பக்க சிஸ்டத்தில் ஆதார் வைத்திருப்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள், ஸ்கிரீன் லாக் நிறுத்துவது கைநீட்டுகிறவனை மட்டும்தான், சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவனை நிறுத்த டிஸ்க் என்கிரிப்ஷன் வேண்டும்.) அங்கே முதலில் 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ' போட்டு ஒரு சாய்கோடு, இல்லாவிட்டால் எதுவும் எழுதாது. பிறகு சூடோ நிரலுக்கு 4755, சிஎச்கேபிடபிள்யூடிக்கு 2755. ரீஸ்டார்ட். அதற்குமேல் வேலையைச் சாதாரணமாக உள்ளே வந்து செய்யலாம்.

இத்தோடு முடியாது. பிட் போனவை இவை இரண்டு மட்டுமல்ல, எஸ்யூ, பாஸ்டபிள்யூடி, மவுண்ட், பால்கிட் உதவி நிரல், டீபஸ் உதவி நிரல் எல்லாமே போயிருக்கும். பின்பக்க சிஸ்டமும் அதே மின்ட் 21 என்கிறீர்கள், அது சரியானதும் அதில் 'ஃபைண்ட்' கட்டளைக்கு யூஎஸ்ஆரையும் '-பெர்ம் /6000' என்பதையும் கொடுத்து ஓட்டினால் பிட் உள்ள ஃபைல் எல்லாம் பட்டியலாக வரும். அந்த ஃபைல்கள் எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தவை என்று 'டிபிகேஜி -எஸ்' சொல்லும், அவற்றை முன்பக்க சிஸ்டத்தில் ஏபிடியில் ரீஇன்ஸ்டால் கொடுங்கள். பேக்கேஜ் விரியும்போது பிட்டும் சரியாக வந்துவிடும். சிஎச்கேபிடபிள்யூடி இருப்பது 'லிப்பேம்-மாட்யூல்ஸ்-பின்' பேக்கேஜில்.

தோவாளை_பூ
இடையில் நுழைகிறேன். என்னுடையது ஃபெடோரா. வேகத்தில் தப்புத்தப்பாக அடித்துவிட்டேன் என்றால் அதன்பிறகு சரியாக அடித்தாலும் மறுக்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே விடுகிறது. இதுவும் அந்த பிட்டா?

முட்டம்_லைட்ஹவுஸ்
இல்லை அக்கா, அது ஃபெயில்லாக். அதன் இயல்பான அமைப்பில் 15 நிமிடத்துக்குள் 3 தடவை தவறினால் 10 நிமிடம் கதவைச் சாத்திவிடும், அந்த நேரத்தில் சரியான பாஸ்வேர்டுக்கும் "தவறு" என்றே பதில். ஆர்ச்சில் இது இயல்பாகவே உண்டு, ஃபெடோராவில் இயக்கியிருந்தால்தான், மின்ட், உபுண்டுவில் நாமாகச் சேர்த்தால்தான். ரூட்டாக உள்ளே போக முடிந்தால் 'ஃபெயில்லாக் --யூசர்' போட்டு உங்கள் பெயரும் '--ரீசெட்' என்பதும் அடித்தால் உடனே திறக்கும். அந்தப் பத்து நிமிடமும் விடாமல் அடித்துக்கொண்டே இருப்பதில் பிரயோஜனம் இல்லை, பேசாமல் பூக்கட்டப் போய்விடுங்கள்.

களியக்காவிளை_டீச்சர்
பின்பக்க சிஸ்டத்தை எல்லோரும் மறந்துவிட்டோமே. லாகின் செய்ததும் திரும்பி வருவது என்றால் நான் முதலில் பார்ப்பது டிஸ்க் இடம். எஃப்3 திரைக்குப் போய் 'டிஎஃப் -எச்' அடியுங்கள். 100 சதவீதம் என்று காட்டினால் அதுதான். டெஸ்க்டாப் செஷன் தொடங்கும்போது ஹோம் ஃபோல்டரில் சின்னச் சின்ன ஃபைல்களை எழுதியாக வேண்டும், எழுத இடம் இல்லையென்றால் செஷன் விழுந்து லாகின் திரைக்கே வரும். எழுத்துத் திரை லாகினுக்கு எதையும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் அது மட்டும் விடும். இஎக்ஸ்டி4 சாதாரணமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும், அதனால் சூடோ போட்டுச் சுத்தம் செய்கிற வேலையும் நடக்கும்.

இடம் இருந்தால் அடுத்தது 'எல்எஸ் -எல்ஏ'. புள்ளி எக்ஸ்அத்தாரிட்டி என்ற ஃபைலின் உரிமையாளர் ரூட் என்று இருந்தால் யாரோ ரூட்டாக கிராஃபிக்ஸ் நிரலை ஓட்டியிருக்கிறார்கள், அதை அழித்துவிட்டு லாகின் செய்தால் புதிதாக உருவாகிவிடும். டெம்ப் ஃபோல்டரின் அனுமதி 1777 தானா என்பதையும் பாருங்கள்.

மார்த்தாண்டம்_ஜெராக்ஸ்
100 சதவீதம் டீச்சர்! ஆனால் அந்த சிஸ்டத்தில் அவ்வளவு ஃபைல் கிடையாதே, 120 ஜிபி எஸ்எஸ்டி, என் ஃபைல் மொத்தமே கால்வாசி இருக்காது.

களியக்காவிளை_டீச்சர்
டைம்ஷிஃப்ட் (சிஸ்டத்தை அவ்வப்போது நகல் எடுத்து வைக்கிற நிரல்) போட்டிருக்கிறீர்களா? மின்ட் முதலிலேயே அமைக்கச் சொல்லும், பலரும் அதே டிஸ்க்கிலேயே வைத்துவிடுவார்கள். 'சூடோ டைம்ஷிஃப்ட் --லிஸ்ட்' அடித்துப் பாருங்கள்.

மார்த்தாண்டம்_ஜெராக்ஸ்
வரிசையாக நிற்கிறது. பழையதை எல்லாம் 'டைம்ஷிஃப்ட் --டிலீட்' போட்டு அழித்தேன், கடைசி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். லாகின் உடனே விட்டது. தினசரி என்றிருந்ததை வாரத்துக்கு ஒன்றாக்கிவிட்டேன். இனி முன்பக்கத்துக்குப் போகிறேன்.

கோட்டாறு_சந்தை
நீங்கள் எல்லாம் பூட்டு பூட்டு என்கிறீர்களே, மின்ட் பூட்டைக் குழந்தைகள் திறந்த கதை தெரியுமா? 2021 ஜனவரியில் செய்தியாக வந்தது. இரண்டு பிள்ளைகள் லாக் ஸ்கிரீனில் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைக் கண்டபடி தட்டியதில் ஸ்கிரீன்சேவரே விழுந்து டெஸ்க்டாப் திறந்துவிட்டது.

வள்ளியாறு
உண்மைதான், மறுக்கவில்லை. கரிபூ என்கிற ஆன்-ஸ்கிரீன் கீபோர்டில் மேல்கோடு போட்ட ஆங்கில 'e' எழுத்தை (ē) அழுத்தினால் அது விழுந்தது, விழும்போது ஸ்கிரீன்சேவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. உடனே திருத்தமும் வந்தது. ஆனால் அதன் வேர் ஆழத்தில் இருக்கிறது. எக்ஸ்11 என்கிற பழைய திரை அமைப்பில் ஸ்கிரீன் லாக்கர் என்பது எல்லாவற்றுக்கும் மேலே பரப்பிய ஒரு ஜன்னல், அவ்வளவுதான். ஜன்னல் செத்தால் அடியில் இருப்பது தெரியும். எக்ஸ்ஸ்கிரீன்சேவர் எழுதிய ஜேமி ஜவின்ஸ்கி 1992இலிருந்து அதை வைத்திருக்கிறார், லாக்கரோடு கண்ட லைப்ரரியை எல்லாம் கட்டாதீர்கள் என்று கத்திக்கொண்டே இருக்கிறவர் அவர். வேலாண்ட் என்கிற புதிய அமைப்பில் ஸ்வே போன்றவை தலைகீழாகச் செய்கின்றன. பூட்டியிருப்பதை நினைவில் வைத்திருப்பது கம்பாசிட்டர் (ஜன்னல்களைத் திரையில் காட்டுகிற நிரல்), லாக்கர் செத்தாலும் திரை பூட்டியபடியே நிற்கும். பாதுகாப்பு, ஆனால் வெளியே மாட்டிக்கொள்வது நாம். அப்போதும் வழி எழுத்துத் திரைதான்.

ரப்பர்பால்
எஃப்8இல் இருந்தது! லைட்-லாக்கரை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டாயிற்று. மழையும் விட்டுவிட்டது.

மார்த்தாண்டம்_ஜெராக்ஸ்
முன்பக்க சிஸ்டமும் சரி. ரெக்கவரியில் இரண்டு பிட்டையும் போட்டதும் சூடோ வந்தது, ரீஇன்ஸ்டால் எல்லாம் முடித்தபின் இரண்டு சிஸ்டத்தின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுபோல் இருக்கிறது. லாக் செய்து பார்த்தேன், முதல் அடியிலேயே திறந்தது. ஒரே ஒரு சந்தேகம். இந்தப் பாட்டுக்கு நடுவில் ரூட் ஷெல்லில் பாஸ்வேர்டையும் மாற்றினேன், இப்போது லாகின் ஆனதும் "கீரிங் திறக்கவில்லை" என்று ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்ட் கேட்கிறது.

முட்டம்_லைட்ஹவுஸ்
பழைய பாஸ்வேர்டைக் கொடுங்கள், திறக்கும். ரூட்டாக மாற்றும்போது கீரிங்குக்கு (சேமித்த பாஸ்வேர்டுகளின் பெட்டகம்) பழைய பாஸ்வேர்ட் தெரியவராது, அதனால் அது பழைய பூட்டிலேயே நிற்கிறது. 'பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ்' நிரலைத் திறந்து லாகின் என்பதன்மேல் ரைட் கிளிக் செய்து, அதன் பாஸ்வேர்டையும் புதியதாக மாற்றிவிடுங்கள். பழையது நினைவில்லை என்றால் மட்டும் அழிக்கலாம், குரோம் போன்ற பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் அதோடு போய்விடும். ஸ்கேனர் இன்னும் ஓடவில்லை என்றால் மாடல் எண்ணோடு தனி இழை தொடங்குங்கள் தம்பி, இங்கே கலக்க வேண்டாம்.